கதவில்லாத மாதிரி வீடு

செத்தாப்பாக் சாலையோரம் குளிரூட்டிய கொட்டகை.
நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நகரம்:
முழங்கை உயரக் கோபுரங்கள், பஞ்சு மரங்கள்,
நீச்சல் குளத்தருகே அரிசிமணி அளவில் மனிதர்கள்.
ஒருத்தன்கூட கறுப்பா இல்லை, என்றான் லோகேந்திரன்.
பெயிண்ட் தீர்ந்திருக்கும், என்றேன்.

வாடகைக்கு வீடு தேடிப் போன் போட்டால்
முதல் கேள்வி, நீங்க என்ன இனம்.
இங்கே சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள்.
அதையே மரியாதையென்று எடுத்துக்கொண்டோம்.

காலணிமேல் நீல உறை மாட்டி
பிரசவ அறைக்குள் போவதுபோல் போனோம்.
அறுநூற்றைம்பது சதுர அடி.
கூடத்திலிருந்து படுக்கையறை, அங்கிருந்து குளியலறை,
எங்கும் தடையில்லை.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது,
இந்த வீட்டில் கதவுகளே கிடையாது.
யீ வென் சிரித்தாள்:
கதவு மாட்டினால் சின்னதாகத் தெரியும், அக்கா.

அலமாரியில் புத்தக முதுகுகள் மட்டும்.
தொலைக்காட்சி, அட்டை.
லோகேந்திரன் கட்டிலில் சாய்ந்து பார்த்தான்.
கணுக்காலுக்குக் கீழே அவனுக்கு வீடில்லை.
காலையிலிருந்து மோட்டாரில் சாப்பாடு சுமந்தவன்
கழிவறை எங்கே என்றான்.
இருந்தது, மஞ்சள் நாடா ஒட்டி.
நிஜமானது வெளியே, கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால்.

பதினேழாம் மாடி, எட்டாம் எண்.
விரலால் தொட்டு எடுத்தோம்.
வரைபடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டினாள் யீ வென்.
ஏழு நாள் அது எங்களுடையது.

நாலு லட்சத்து எண்பதாயிரம் வெள்ளி.
விலையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள்,
நோயின் பெயர் சொல்லும் டாக்டர்போல.
பத்து விழுக்காடு முன்பணம்.
என் சேமநிதியின் இரண்டாம் கணக்கு,
கல்யாண மொய்யில் மிஞ்சியது,
தள்ளி எடுத்தால் ஒரு சீட்டு.
கூட்டிப் பார்த்தோம்.
கூடத்தை வாங்கலாம், சோபா இல்லாமல்.

வங்கியில் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார்கள்.
நான் கொடுத்தேன், பள்ளி ஆய்வுக்கூட உதவியாளர், முத்திரையோடு.
அவன் கைப்பேசியை நீட்டினான்:
ஒரே நாளில் முப்பத்தொரு நடை,
மழைக்குக் கூடுதலாய் ஒரு வெள்ளி,
நான்கு புள்ளி ஒன்பது நட்சத்திரம்.
ஷரிஃபா என்ற அதிகாரி இரக்கமாகத்தான் பார்த்தார்.
நட்சத்திரத்தை எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ரவாங் மலிவு என்கிறார்கள். செமினி இன்னும் மலிவு.
அங்கே வாங்கிய என் அண்ணன் சொல்கிறான்
நாலரைக்கு எழுந்தால் போதுமாம்.
இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புகிறான்.
உன் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கேட்டேன்,
யோசிக்கிறான்.

செந்தூல் அறைக்கு ஜூலையிலிருந்து ஐம்பது வெள்ளி கூடுதல்.
பக்கத்தில் புதுக் கொண்டோ வந்ததால்
இந்த வட்டாரத்துக்கே மவுசு ஏறிவிட்டதாம்.
வாங்காத வீட்டுக்கும்
நாங்கள்தான் மாதாமாதம் கட்டுகிறோம்.

மூன்று வருடம் கழித்து, நேற்று,
நனைந்துகொண்டு வந்தான் லோகேந்திரன்.
இன்னிக்கு அங்க போனேன்.
எங்க?
பதினேழாம் மாடி, எட்டாம் நம்பர்.
ரெண்டு நாசி லெமாக், ஒரு ஐஸ் மைலோ.
காவலாளி என் அடையாள அட்டையை வாங்கி வச்சுக்கிட்டு
சாமான் ஏத்துற லிஃப்டைக் காட்டினாரு.

துண்டைக் கொடுத்தேன்.
கதவு இருக்கா?
இருக்கு. நல்ல கனமான கதவு.
உள்ள எப்படி, சோபா போட்டா நடக்க இடம் இருக்கா?

தலையைத் துவட்டியபடி நின்றான்.
தெரியலை.
பொட்டலம் நுழையற அளவுக்குத்தான் திறந்தாங்க.